தின்று காட்டச் சொன்னவர்

கேள்வி: சாகாமல் இருக்கப் பாதரச மருந்து சாப்பிட்டே சீனப் பேரரசர்கள் செத்துப்போனார்களாமே, அவ்வளவு முட்டாள்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 'முட்டாள்' என்ற சொல்லை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காலத்து மனிதர்களை அப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. இதே பக்கத்தில் இதற்காகப் பல பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அந்தச் சிவப்புக் கல்லைச் சூடாக்கினால் புகை கிளம்பும். புகை குளிர்ந்தால் வெள்ளி முத்தாகப் பாதரசம் உருளும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் முதலில் கறுக்கும், அப்புறம் பழைய சிவப்பே வந்துவிடும். செத்த கல் பிழைத்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, உடம்பும் அப்படிப் பிழைக்கும் என்று தோன்றியதில் என்ன தப்பு? தாவோ என்ற சீன மதத்தைச் சேர்ந்த ரசவாதிகளின் அந்த அடுப்புகளில்தான் வெடிமருந்தும் பிறந்தது. சீனத்திலும் அதன் பெயர் 'நெருப்பு மருந்து' என்பதுதான்! சாகாமருந்து தேடியவர்கள் கையில் கிடைத்தது அது.

தப்பு நடந்த இடம் வேறு. தாங் வம்சத்துப் பேரரசர் ஷியான்ஸோங், லியூ மி என்ற ரசவாதியை நம்பி, மூலிகை பறிக்க வசதியாக இருக்கட்டும் என்று தைஜோ என்ற ஊருக்கு ஆளுநராகவே போட்டார். அமைச்சர்கள் எதிர்த்தும் கேட்கவில்லை. லியூ மி ஊர் ஜனங்களை மலை மலையாக விரட்டி மூலிகை தேடவைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் குடும்பத்தோடு மலைக்குள் ஓடி ஒளிந்தார். பிடித்து வந்தார்கள். அதற்குப் பிறகும் பேரரசர் அவர் மருந்தைச் சாப்பிட்டார்!

அப்போது அரசவையில் குறிப்பெழுதும் பெய் லின் என்ற அதிகாரி ஒரு விண்ணப்பம் கொடுத்தார், 819-இல். மருந்து செய்தவரும் அவரைச் சிபாரிசு செய்தவரும் முதலில் ஒரு வருடம் அதைச் சாப்பிடட்டும், உண்மையா பொய்யா என்று தானே தெரிந்துவிடும் என்றார். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் ஒரு மனிதர் இப்படிக் கேட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. பள்ளிப் பாடத்தில் பேரரசர்களின் பெயர்களை நெட்டுருப் போட்டோம், பெய் லின் பெயரை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவருக்குக் கிடைத்தது பதவி இறக்கமும் ஊர் மாற்றமும்.

மருந்து பேரரசருக்கு மூர்க்கத்தைக் கொடுத்தது. அதற்குப் பயந்து ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களான அண்ணகர்களே 820-இல் அவரைக் கொன்றுவிட்டதாகப் பேச்சு. அடுத்து வந்த மகன் மூஸோங், லியூ மியை அடித்துக் கொல்லச் சொன்னார், பெய் லினைத் தலைநகருக்குத் திரும்ப அழைத்தார். சரி, புத்தி வந்துவிட்டது என்று பார்த்தால், தானும் அதே மாதிரி மருந்தைச் சாப்பிட ஆரம்பித்தார். 824-இல் இறந்தபோது முப்பது வயதுகூட நிறையவில்லை.

அவரை வேண்டுமானால் அந்தச் சொல்லால் திட்டுங்கள், தடுக்கமாட்டேன்.