எலானில் எஞ்சின் பொருத்திய பின் கதவு உரசுகிறதா?

எஞ்சினை உள்ளே பொருத்தியதும் லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரின் கதவு உரசுகிறது, பாடியைச் சேஸியோடு பிணைக்கும் போல்ட்டை இன்னும் இறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இறுக்காதீர்கள்! அடியில் இருப்பது முதுகெலும்பு போன்ற எஃகுச் சேஸி (அடிச்சட்டம்), மேலே கண்ணாடி இழையாலான ஃபைபர் பாடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடினால் ஃபைபர் வளையும்; பின்னாளில் பெயின்ட்டில் விரிசல் விழும். நானும் அவசரப்பட்டு அனுபவித்தவன்தான்.

பாடி போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் எடை முழுவதும் ஏறி, கார் தன் சக்கரங்களில் நிற்கட்டும். பாடி இயல்பாக எங்கே அமர்கிறது என்று பார்த்து, மிஞ்சும் இடைவெளியில் ஷிம் எனும் மெல்லிய நிரப்புத் தகடு செருகுங்கள். பிறகு அகலமான வாஷர் போட்டு மெல்ல இறுக்குங்கள். பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இன்னொன்று: ஃபைபரில் மின்சாரம் பாயாது. எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டையை (மின்சாரம் திரும்பிச் செல்லும் இணைப்பு) மறந்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திட்டாதீர்கள்.