இலையுதிர்கால மழையும் உறைபனியும்

கேள்வி: முற்றிய பயிரை இலையுதிர்கால மழையோ உறைபனியோ ஒன்றும் செய்யாது என்கிறார்களே, சரியா? மேய்ச்சல் நிலத்துக்கும் இது பொருந்துமா?

பதில்: பாதி மட்டுமே சரி. மக்காச்சோள மணியின் அடிமுனையை நகத்தால் சுரண்டும்போது கருநிற அடுக்கு தென்பட்டால் மணி முற்றிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு விழும் உறைபனி மணியின் எடையைக் குறைப்பதில்லை. ஆனால் அந்நிலையிலும் மணியில் 30 முதல் 35 சதவீதம் வரை ஈரம் இருக்கும் என்பதையும், சேமிப்புக்கு அது ஏறத்தாழ 14 சதவீதமாக இறங்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பகல் குறுகி வெயிலும் தணியும் பருவத்தில் மழை நீடித்தால், கதிர் காய்வதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்து, கால்நடைத் தீவனத்துக்கும் உதவாத அளவுக்கு மணியில் நச்சு சேரக்கூடும். அவசரப்பட்டு ஈர வயலில் அறுவடை இயந்திரத்தை இறக்கினால் மண் இறுகும். அந்தக் கெடுதல் அடுத்த பயிரையும் விடாது.

மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மேய்ச்சல் புல்லின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு முன் மழையில் தழைத்த புல் பார்வைக்குச் செழிப்பாகத் தெரிந்தாலும், நீர்ச்சத்து மிகுந்திருப்பதால் மாடு வயிறு நிறைய மேய்ந்தும் போதிய சத்து கிடைப்பதில்லை. சோளப் பயிரில் (மக்காச்சோளம் அல்ல) மாட்டை மேய விடுவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: உறைபனியில் இலைத் திசுக்கள் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும் என்பதால், இலை நன்றாக உலரும்வரை கால்நடைகளை உள்ளே விடக் கூடாது. உறைபனிக்குப் பின் அடியிலிருந்து கிளைக்கும் இளந்தூர்களில் இந்த நஞ்சு இன்னும் அதிகம். கால்நடைகள் தேடிப்போய்க் கடிப்பதும் அவற்றைத்தான்.