லாரியில் கலக்கும் குப்பை

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வேளச்சேரியில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒழுங்காகப் பிரித்துத்தான் போடுகிறேன். போன வாரம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, சணல் பை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். "இந்தக் காசுக்கு ரெண்டு நல்ல பாத்திரம் வாங்கியிருக்கலாம்" என்கிறார் மாமியார். கணவர் சிரிக்கிறார். ஒரே ஒரு வீட்டில் இதையெல்லாம் செய்து என்ன ஆகப்போகிறது? வெறும் மனத்திருப்திதானா?

மீனா, வேளச்சேரி

அன்புள்ள மீனா,

ஸ்ட்ரா விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வண்டியில் கலந்துவிட்டால் வீணாகிற பழக்கங்கள் உண்டு. யார் என்ன செய்தாலும் வீணாகாத பழக்கங்களும் உண்டு. இரண்டாவது வகையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் பெரியது, அடுப்படிக் கழிவை வீட்டை விட்டு வெளியே அனுப்பாமல் இருப்பது. நம் ஊர் வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பாதி ஈரக் குப்பைதான். அது கிடங்கில் மலையாகக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்குவது அது. தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் உங்கள் பக்கத்துப் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பத்து நாளுக்கு மேல் புகைந்தது.

ஈரக் குப்பை இன்னொரு காரியத்தையும் கெடுக்கிறது. சாம்பார் ஊறிய காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். ஈரத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மிச்சமிருப்பது காய்ந்த குப்பை. அதை வண்டியில் எதனோடு கலந்தாலும் ஓரளவு பிரித்து எடுத்துவிடலாம். பிரிக்கிற தூய்மைப் பணியாளரும் அழுகல் சோற்றுக்குள் கை விட வேண்டியதில்லை. சுத்தமான காகிதத்தையும் அட்டையையும் வண்டிக்கே கொடுக்காமல் கடையில் போட்டுவிடுங்கள்.

எப்படிச் செய்வது? காலி பெயின்ட் வாளிகள் இரண்டு போதும். சுற்றிலும் அடியிலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன் மேல் அன்றன்றைய காய்கறித் தோல், வாழைப்பூ மடல், டிகாக்ஷன் சக்கை. ஒவ்வொரு தடவையும் மேலே இரண்டு கை காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ போட்டு மூடிவிட வேண்டும். முதல் வாரம் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் இலை போட்டுக் கிளறிவிடுங்கள். மிஞ்சிய குழம்புச் சோறு போட்டால் நிச்சயம் நாறும், ஆரம்பத்தில் அதைத் தவிர்த்துவிடலாம். கொழுத்த புழுக்கள் நெளிந்தால் அலற வேண்டாம். பெரும்பாலும் அவை ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, உங்கள் வேலையை நம்மைவிட வேகமாகச் செய்து தரும். முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் மசிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதைச் சலித்து அடுத்த வாளியில் போடுங்கள். ஒரு வாளி நிரம்பியதும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். இரண்டு மாதத்தில், மழைக்காலமானால் இன்னும் கொஞ்சம் தள்ளி, மண்வாசனையோடு கறுப்பாக உதிரும்.

இனி சணல் பைக்கும் ஸ்ட்ராவுக்கும் வருவோம். பசுமை என்று எழுதி விற்கிற எதுவும் முதலில் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்ட பொருள்தான். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் பைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் கணக்கில், ஒரு பருத்திப் பை பருவநிலை விஷயத்தில் மட்டும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், குறைந்தது 52 தடவை அதைப் பயன்படுத்த வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் பையைக் கடைசியில் குப்பைப் பையாகப் பயன்படுத்துவார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. தெருவிலும் சாக்கடையிலும் சேரும் பிளாஸ்டிக் அதில் வரவில்லை. ஆகவே பிளாஸ்டிக்கே மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் உங்கள் பீரோவிலும் பத்தாவது இருக்குமே! 2021 டிசம்பரில் தமிழக அரசு, துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோதும், பலர் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். இருப்பதில் ஒன்றை வண்டிச் சாவியோடு மாட்டி வையுங்கள், ஞாபகம் வரும். ஸ்ட்ரா இல்லாமல் இளநீரை அண்ணாந்து குடிக்கலாம், சட்டையில் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் மின்விசிறியில் செலவழியுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று விற்கிற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டுக்குள் சுற்றும். தினமும் பதினைந்து மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினாலே இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். உங்கள் கணவர் சிரிப்பதை நிறுத்த இது உதவலாம்.

அவரைப் பற்றி இன்னொன்று. சுற்றுச்சூழல் என்று ஆரம்பிக்கிற பாதி வீடுகளில் அது பெண்ணின் தலையில் விழும் இன்னொரு வேலையாக முடிகிறது. அந்தக் காலத்தில் குப்பையே கிடையாது என்று பெருமையாகப் பேசுகிறோம். குப்பைக்குழிக்குக் கூடை சுமந்தது யார், விறகுப் புகையில் இருமியது யார் என்று யாரும் கேட்பதில்லை. வாளியைக் கிளறுவது அவர் வேலையாக இருக்கட்டும்.

ஒரு வீடு செய்து என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஒரு வாளியால் பெருங்குடி மலை கரையாது. ஆனால் வாளி வைத்திருக்கிறவர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசினால் காது கொடுப்பார்கள். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள், கூடுமானவரை ஈரக் குப்பையை வளாகத்துக்குள்ளேயே மக்கவைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். உங்கள் வளாகத்துக்கு இப்போது என்ன விதி என்று செயலாளரிடம் கேளுங்கள். சின்ன வளாகமானாலும் பத்து வீடு சேர்ந்தால் ஒரு தொட்டி கட்டிவிடலாம். மாசி, பங்குனியில் வேப்பிலை கொட்டும்போது கூட்டிக் கொளுத்துவார்கள். காவலாளியிடம் சொல்லி நாலு சாக்கில் பிடித்து வைத்தால் வருடம் முழுக்க வாளிக்கு இலை ஆயிற்று.