மூடுபனி போல ஒரு நிழல்: நோயியல் மருத்துவர் பதில்கள்

கும்பகோணம், ஆசிரியை: சிகரெட் புகையே படாத என் அம்மாவுக்கு (61) நுரையீரல் ஸ்கேனில் 14 மி.மீ. ‘கிரவுண்ட் கிளாஸ்’ நிழல். ஆறு மாதமாகியும் கரையாததால் அறுவை செய்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா இன் சைட்டு’. இது புற்றுதானா?

டீச்சர், நுரையீரலில் காற்று நிறையும் சின்னஞ்சிறு அறைகளின் சுவரை வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வரப்பில் உளுந்து ஊன்றுவோம் அல்லவா, ஸ்லைடில் இந்தச் செல்கள் அப்படித்தான் சுவரை ஒட்டியே வரிசை கட்டி நிற்கும். சுவர் சற்றுத் தடித்திருக்கும், உடைந்திருக்காது. அறைக்குள் காற்றும் இருக்கும். அதனால்தான் ஸ்கேனில் கெட்டி வெள்ளையாக இல்லாமல் மூடுபனியாகத் தெரிகிறது. ஊடே ஓடும் ரத்தக்குழாய்கூட மறைவதில்லை. 3 செ.மீ.க்குள், எங்கும் ஊடுருவாமல் இருந்தால்தான் இந்தப் பெயர். 5 மி.மீ. வரை உள்ளே இறங்கியிருந்தால் ‘மினிமலி இன்வேசிவ்’, அதாவது சற்றே ஊடுருவியது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் உங்கள் அம்மாவுக்கு வந்ததைப் புற்றுக்கு முந்தைய நிலைகளோடு சேர்த்துவிட்டது. முழுதாக எடுத்துவிட்டால் திரும்புவது மிக மிக அரிது. கீமோ தேவைப்படாது. ஸ்கேன் பிலிமை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

திருவாரூர்: அப்பாவுக்கும் நிழல். காசநோய் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள்.

சந்தேகப்படுவது சரிதான், நம் ஊரில் காசநோய் அதிகம். ஆனால் சளிப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாமலே ஆறு மாதம் மாத்திரை விழுங்கி, அப்புறம் புற்றாக என் மேசைக்கு வந்த சதைத் துண்டுகளை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. பழைய பிலிமையும் எடுத்துப் போங்கள்.

மன்னார்குடி: கத்தி, ஊசி பட்டால் புற்று பரவும். என் மாமா ஊசி போட்டுச் சதை எடுத்த மூன்றாம் மாதம் போய்விட்டார்.

வருந்துகிறேன் அண்ணே. ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் வெகு அரிது. மூன்றே மாதத்தில் உயிர் போனதென்றால், பெரும்பாலும் ஊசிக்கு முன்பே நோய் பரவியிருக்கும்.

பட்டுக்கோட்டை: அப்படியானால் டீச்சரின் அம்மாவுக்கு ஊசியோடு நிறுத்தியிருக்கலாமே?

நல்ல கேள்வி. ஊசியில் வருவது நூல் போல ஒரு துண்டு. ஒரு முழ வரப்பைப் பார்த்துவிட்டு வயல் முழுக்க உடைப்பே இல்லை என்று நான் கையெழுத்துப் போட முடியாது. கட்டி முழுவதையும் பார்த்தால்தான் ‘ஊடுருவவில்லை’ என்று சொல்ல முடியும்.

மன்னார்குடி (மீண்டும்): எல்லாரையும் அறுத்துவிடுவீர்களா?

இல்லவே இல்லை. வெறும் மூடுபனி நிழல், 6 மி.மீ.க்குக் கீழே என்றால் வழக்கமாகத் தொடர் ஸ்கேனே வேண்டாம். அதற்கு மேல் என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடம் வரை. நடுவே கெட்டியான பகுதி முளைத்தாலோ வளர்ந்தாலோதான் அவசரம். அதைக் கண்டுபிடிக்க முந்தைய பிலிம் வேண்டும்.

மயிலாடுதுறை: எனக்கு 7 மி.மீ. மூடுபனி நிழல். என்ன செய்ய?

மேலே சொன்னதுதான். பழைய பிலிம் இருக்கிறதா?

நன்னிலம்: எனக்கும் 8 மி.மீ.

மேலே படியுங்கள். பிலிம்.

சீர்காழி: 30 வருடமாக பீடி. எக்ஸ்ரே நார்மல், பயமில்லையே?

தம்பி, இந்த மூடுபனி எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியவே தெரியாது. அதிகம் புகைத்தவர்களிடம் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனை எக்ஸ்ரேயோடு ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 20 சதவீதம் குறைவு. நெஞ்சக மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பீடியை இன்றே விடுங்கள்.

திருவையாறு: அம்மாவின் இருமலுக்கு எந்த டானிக்?

நான் நோயியல்காரன், மருந்து எழுத மாட்டேன். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.