கழுவிய பானையோடுகளில் வெள்ளைப் பூச்சு: வினிகர் வேண்டாம்

கிரேக்கத்தின் கடலோரத் தொல்லியல் தளமான கென்கிரேயில் தோண்டி எடுத்து, கழுவி வெயிலில் காயவைத்த ஓடுகளில் மூன்றே நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது, வினிகரில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். களிமண்ணோடு சுண்ணாம்புத் துகளோ சிப்பித் தூளோ கலந்திருந்தால் வினிகரின் அமிலம் பானையோட்டையே அரிக்கும். புது உப்பையும் உள்ளே விட்டுவைக்கும்.

முதலில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்பு. கரையாமல் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. அது ஆபத்தில்லாதது, அவசரமும் இல்லை.

கடலோரத் தளம் என்பதால் உப்பாகத்தான் இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவியதும் உள்ளிருந்த உப்பு கரைந்து, வெயிலில் வேகமாகக் காயும்போது மேற்பரப்பில் படிகமாகிறது. ஓட்டின் மேற்பூச்சும் வண்ணமும் செதிலாக உரிவது இதனால்தான்.

ஓடுகளை வலைப்பையில் போட்டு, அவற்றைப் போல ஐந்து மடங்கு அயனிநீக்கிய (கரைந்த உப்புகளை அகற்றிய) நீரில் ஊறவையுங்கள். தினமும் நீரை மாற்றுமுன் நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துமானியால் அளந்து எழுதுங்கள். அளவு இறங்கி, ஒரே நிலையில் நின்றால் போதும். பிறகு நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். அடையாளச் சீட்டு நீர்புகாததாக, பைக்குள்ளேயே இருக்கட்டும். சீட்டு பிரிந்த ஓடு எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உப்பைவிடப் பெரிய இழப்பு அதுதான்.

விரலில் பொடியாக ஒட்டும் ஓடு, சுட்ட பிறகு தீட்டிய வண்ணம், மையெழுத்து உள்ளவை தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் எகிப்தின் கரானிஸில் 1924 முதல் தோண்டி எடுத்தவற்றில் மையால் எழுதிய ஓடுகள் ஏராளம். தேய்த்துக் கழுவியிருந்தால் வாசகமே மிஞ்சியிருக்காது. எதற்கும் முன் தளத்தின் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டிவிடுங்கள்.