மாமியாரைக் கவனிக்கிறேன், ஆனால் அன்பு வரவில்லை

கேள்வி:

அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு 47 வயது, நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரி எழுந்து எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். உள்ளூரிலேயே இருக்கிற நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவார், அம்மா கையைப் பிடித்து ஜெபம் பண்ணுவார், போய்விடுவார்.

கல்யாணமான புதிதில் நகை குறைந்துபோச்சு என்று என் அப்பாவைச் சபை வாசலில் நிறுத்தி நாலு பேர் முன்னால் பேசினவர் இந்த மாமியார்தான். அப்பா இறந்தே போய்விட்டார், எனக்கு அது போகவில்லை. போன மாதம் ஊட்டும்போது கஞ்சியைத் துப்பிவிட்டார், நான் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டேன். சில ராத்திரி, ஆண்டவர் இவரைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் தோன்றுகிறது.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு கர்த்தரிடத்தில் “உன் முழு இருதயத்தோடும்” அன்புகூரு என்கிற வசனத்தை மனப்பாடம் பண்ணவைக்கிறவள் நான். ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குப் போகவே பயமாக இருக்கிறது, எழுந்து போகாமல் உட்கார்ந்துவிடுகிறேன். ஆள் வைக்கலாமா என்று கணவரிடம் கேட்டால், பெற்ற தாயை வேறு ஆள் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்கிறார். சபைக் கட்டட நிதிக்கு மட்டும் மாதாமாதம் தவறாமல் அனுப்புகிறார். பெண்கள் சங்கத்தில் ஒரு மூத்த அம்மாவிடம் சொன்னேன், இன்னும் உபவாசம் இருந்து ஜெபி என்றார். நான் வேஷக்காரியா அக்கா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

இல்லை. வேஷக்காரிக்குத் தூக்கம் கெடாது.

தூங்கவே விடாத வேலை உங்களுடையது, அதோடு உபவாசமும் இருக்கச் சொன்னால் கோபம் இரண்டு மடங்காகத்தான் வரும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தின்று குடித்துத் திரும்பப் படுத்த பிறகு இன்னொரு தடவையும் எழுப்பி அதையே சொன்னான். நோயாளியை வருடக்கணக்கில் தனியாகப் பார்க்கிறவர்களுக்கு ‘இது முடிந்தால் போதும்’ என்ற எண்ணம் வருவது நாங்கள் அடிக்கடி கேட்கிற விஷயம். பெரும்பாலும் அது ஒருவர் சாகவேண்டும் என்கிற ஆசை அல்ல, எனக்கு ஓய்வு வேண்டும் என்கிற கதறல்.

ஆனால் கையை இழுத்ததை அப்படி விட்டுவிட மாட்டேன். அது எச்சரிக்கை. அடுத்த முறை கை துடித்தால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள், கஞ்சி ஆறினால் ஆறட்டும். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, நான் செத்தால் என்ன என்று உங்களைப் பற்றியே தோன்றினாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அன்புக்கு வருவோம். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் கூட நின்று உதவி செய் என்கிறது யாத்திராகமம் 23. அவன்மேல் பாசம் பொங்கிய பிறகு தூக்கிவிடு என்று அங்கே இல்லை. உங்கள் மாமியாருக்குப் படுக்கைப்புண் வராமல் நீங்கள் ராத்திரியில் திருப்பிவிடுகிறீர்களே, பிறனிடத்தில் அன்புகூருவது அதுதான். உணர்ச்சி பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

அப்பாவுக்கு நடந்த அவமானம் உங்களுக்குள் பேசப்படாமலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். பிறனிடத்தில் அன்புகூருவாயாக என்பது லேவியராகமம் 19:18. அதற்கு முந்தின வசனம், சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்கிறது. அதாவது வாயைத் திறந்து சொல். திருப்பிப் பேச முடியாமல் கிடக்கிறவரிடம் இப்போது கணக்குத் தீர்க்க வேண்டாம். கணவரிடம் சொல்லுங்கள், அந்தச் சபை வாசல் சங்கதி உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியுமா? கர்த்தரிடமும் சொல்லுங்கள். “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று சங்கீதத்தில் தாவீது நேராகவே கேட்கிறான். நீங்கள் நல்ல பாகத்தை மட்டும் ஜெபத்துக்குக் கொண்டுபோய், கசப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, முழு இருதயம் இல்லையே என்று அழுகிறீர்கள். அந்தக் கசப்பும் இருதயத்தில்தானே இருக்கிறது?

இனி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை, இதை அப்படியே அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாலும் எனக்குச் சம்மதம். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’, தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு மாற்கு 7-ல் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று வாசித்துப் பாருங்கள் தம்பி. கட்டட நிதி கொஞ்சம் பொறுக்கும். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியனும் அந்தக் காயப்பட்டவன் பக்கத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கவில்லை, அன்று பராமரித்தான், மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம், அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி, கொடுத்து இவனை விசாரித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றும் சொன்னான். சம்பளத்துக்கு ஆள் வைப்பது அன்பில் குறைவு என்றால் அவனும் குற்றவாளிதான்.

தங்கச்சி, பணத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புக் கவனிப்பும் கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். மாமியாரை எப்படித் திருப்புவது என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முதுகு போய்விடும்.

நாத்தனாரிடம் ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. சனிக்கிழமை ராத்திரி நீங்க வந்து படுத்துக்கோங்க அண்ணி, எனக்கு ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளி இருக்கு என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், ஜெபம் பண்ண எப்படியும் மறுநாள் வருகிறவர்தானே.

அப்புறம், திருவிருந்துக்கு எழுந்து போங்கள்.