வடசென்னையில் புயல் கரை கடக்கும்போது டொர்னாடோ வருமா?

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் புயலோடு டொர்னாடோவும் (இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் குறுகிய, வேகமான சுழல்காற்று) வருமா, கரைக்காற்று மாறுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. புயலின் எந்தப் பக்கத்தில் நாம் இருக்கிறோம் என்பதே முக்கியம்.

கடல்மேல் காற்றுக்கு உராய்வு குறைவு. காசிமேட்டில் கரை ஏறியதும் கட்டடமும் மரமும் தடுக்க, தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்கு வேகம் இறங்கிவிடும். திசையும் புயல் மையத்தை நோக்கி உள்வாங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று பழைய வேகத்திலேயே ஓடும். இந்த வித்தியாசம் காற்றைச் சப்பாத்திக் கட்டை மாதிரி படுத்தவாக்கில் உருட்டும். மழைப்பட்டையில் (புயலைச் சுற்றி வளைந்து நீளும் மழைமேக வரிசை) வரும் இடிமேகம் அதை மேலே இழுத்து நிமிர்த்தினால், மேகமே சுழல ஆரம்பிக்கும். கரைக்கோட்டில் காற்று தேங்கிக் குவிவதும் அந்த எழுச்சிக்கு உதவும்.

இதற்குக் கடலிலிருந்து சூடான ஈரக்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் புயல் நகரும் திசைக்கு வலது முன்பக்கத்தில்தான் ஆபத்து அதிகம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கடந்ததுபோல மையம் நமக்குத் தெற்கே போனால், வாடைக்காற்று கிழக்காகி, பிறகு தென்கிழக்காகும். நாம் வலப்பக்கத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். 2023 மிக்ஜாம் புயல்போல மையம் வடக்கே போனால், வாடை மேற்காகத் திரும்பும்; அது தரைக்காற்று, டொர்னாடோவுக்குத் தீனி குறைவு.

மையம் தூரத்தில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநில மேற்குக் கரையைத் தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே கிழக்குக் கரையில் டொர்னாடோக்கள் உயிர்களைப் பறித்தன. அங்கே புயல்கள் வடக்கே வளைந்து மேலடுக்கு மேற்குக் காற்றில் மாட்டுவதால் சுழற்சிக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது. மேற்காகவே நகரும் நம் புயல்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

சென்னைத் துறைமுக டாப்ளர் ரேடாரின், காற்றின் வேகத்தைக் காட்டும் படத்தில், கரைக்கு வரும் மழைப்பட்டையில் ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகும் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறதா பாருங்கள்; தெரிந்தால் மேகம் சுழல்கிறது என்று அர்த்தம். இந்த மேகங்கள் குட்டையானவை. 100 கிலோமீட்டர் தாண்டினால் ரேடார் கதிர் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போவதால் கீழ்ச்சுழற்சி தப்பிவிடும். எண்ணூர் ரேடாருக்குக் கிட்டத்தில் இருப்பது நமக்கு நல்லது. ஆனாலும் சுழல் சில நிமிடமே நீடிக்கும், மழைக்குள் மறைந்தும் வரும். அடுத்த படத்துக்குக் காத்திருக்காதீர்கள். கிழக்குக் காற்றோடு மழைப்பட்டை நெருங்கும்போதே தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையை விட்டு, கான்கிரீட் வீட்டின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போங்கள். தெருவில் தண்ணீர் ஏறினால் மட்டும் மாடி.